குடவோலை விமர்சகர்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பயமெல்லாம் இல்லை. தன் பெயர் எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே ஒரு மனிதர் ஆயுசு முழுக்கப் பாடுபட்டிருக்கிறார். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பாட்டை நான் கெடுப்பது நியாயமில்லை. தலைவர் என்றே வைத்துக்கொள்வோம். உத்திரமேரூரில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எங்கள் வாசகர் வட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. பின்பக்கம் பலகை அடித்துத் தடுத்த ஓர் இருட்டறை, கண் பரிசோதிக்க. அங்கேதான் அவரை முதலில் பார்த்தேன். அரசாங்க உத்தியோகத்திலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் மடித்த தினத்தாள், முகத்தில் யாரையும் பகைத்துக்கொள்ளாத ஒரு புன்னகை. சோதனை பிரேமை மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன்.

"இதுல தெளிவா தெரியுதா சார், இல்ல இதுலயா?"

"நீங்க இன்னா நினைக்கறீங்க?"

"கண்ணு உங்களோடது சார்."

"அது சரி. பொதுவா எல்லாரும் எதைச் சொல்லுவாங்க?"

எழுத்துப் பலகையின் வெளிச்சம் என் முகத்தில் கொஞ்சம் விழும். அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த லென்ஸுக்கு என் முகம் மலர்கிறதோ அதைத் தெளிவு என்று சொல்லிவிடலாம் என்று காத்திருந்தார். இந்தக் கடையில் நான் எத்தனையோ வகைக் கண்களைப் பார்த்திருக்கிறேன். பொய் சொன்ன கண் உண்டு, பிடிவாதம் பிடித்த கண் உண்டு. அபிப்பிராயம் சொல்லப் பயந்த கண் அது ஒன்றுதான். கடைசியில் கருவியை வைத்து நானே ஒரு பவரை முடிவுசெய்தேன். பிரேம் எடுக்கிற வேலை அதைவிடப் பேஜாராகப் போயிற்று. மாமியாரோடு வந்திருந்த ஒரு பெண்ணிடம் கேட்டார். வெளியே கொய்யாப்பழம் விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டார். கொய்யாப்பழக்காரர் கறுப்பு என்றார். கறுப்பே எடுத்துக்கொண்டார்.

அப்புறம் பழக்கமாகிவிட்டது. கடைக்கு வந்தால் டீ வாங்கித் தருவேன். "டீ எப்படி சார் கீது?" என்றால், "எல்லாரும் குடிச்சிகினு கீறாங்களே" என்பார். தேர்தல் சமயத்தில் நாலு கட்சிக்காரரிடமும் தலையாட்டிவிட்டு, முடிவு வந்த மறுநாள் காலையில், "நான்தான் அப்பவே நினைச்சேனே" என்று வருவார். என்ன நினைத்தார் என்று மட்டும் சொல்ல மாட்டார். அவர் மனைவி ஒருமுறை கண்ணாடி மாற்ற வந்தபோது மனம் விட்டுப் புலம்பினார்.

"வூட்டுக்கு இன்னா கலரு அடிக்கிறதுன்னு கேட்டேன் தம்பி. அதுக்கும் அம்மன் கால்ல பூ போட்டுப் பாக்கறாரு. சிவப்புப் பூ வந்தா ரோஸு, வெள்ளைப் பூ வந்தா பச்சையாம். பொண்ணு கல்யாணத்துக்குப் பூ கேக்கறது சரி. பெயிண்டுக்கு கூடவா சாமியைத் தொந்தரவு பண்ணுவாங்க?"

அவர் சிரிக்கிற அழகைத் தனியாகச் சொல்ல வேண்டும். யாராவது ஒரு வேடிக்கையைச் சொன்னால் முதலில் இடப்பக்கத்து ஆளைப் பார்ப்பார், பிறகு வலப்பக்கத்து ஆளை. இரண்டு பேரும் சிரித்தால்தான் இவர் வாய் திறக்கும். அதற்குள் அவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள். பஸ் கிளம்பிப் போன பிறகு ஓடி வருகிறவர் மாதிரி, வெறும் இடத்தில் இவர் சிரிப்பு மட்டும் தனியாக வந்து நிற்கும்.

இப்பேர்ப்பட்டவரை வாசகர் வட்டத்துக்குத் தலைவராக்கியது யார் என்று கேட்பீர்கள். எல்லோரும் சேர்ந்துதான். யார் மனமும் கோணாமல் கூட்டம் நடத்த அவரைவிட்டால் ஆளில்லை. ஆனால் வட்டம் என்று வைத்தால் புத்தகத்தைப் பற்றி ஏதாவது சொல்லியாக வேண்டுமே. அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் குடவோலை.

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துச் சுவரில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பார்கள் என்று அதில் வெட்டியிருக்கிறது. பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லாத உத்திரமேரூர்க்காரன் கிடையாது. தலைவர் இதைப் புத்தக விமர்சனத்துக்குக் கொண்டுவந்தார். வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு சீட்டில் தம் கருத்தை எழுதி, பெயர் போடாமல், ஒரு குடத்தில் போட வேண்டும். டீ கொண்டுவரும் அம்மா கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். அதுவே வட்டத்தின் தீர்ப்பு. முதலில் மண்குடம் வைத்திருந்தார், அது உடைந்ததும் நீல நிற பிளாஸ்டிக் குடம் வந்தது. கல்வெட்டில் குடத்துக்கு முன்னால் தகுதிகள் என்று ஒரு நீளப் பட்டியல் உண்டு. இன்னின்னது இருந்தால்தான் ஒருவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகும். தலைவர் குடத்தை வைத்துக்கொண்டு தகுதியை விட்டுவிட்டார். புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும் என்ற சின்னத் தகுதிகூட அவர் குடத்துக்குத் தேவைப்படவில்லை.

இதையெல்லாம் நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் புத்தகம் குடத்துக்குள் போகும்வரை.

ஆமாம், நான் ஒரு நாவல் எழுதினேன். துப்பறியும் கதைதான், ஆனால் துப்பறிகிறவர் செத்துப்போன ஒரு போலீஸ் ஏட்டு. ஆவியாக அலைகிறார். கரண்ட் போனால்தான் அவரால் வர முடியும். கரண்ட் வந்தால் பேச்சு பாதியில் இருக்கும்போதே மறைந்துவிடுவார். திருடன் பெயரைச் சொல்ல வாயெடுக்கிற ஒவ்வொரு முறையும் கரண்ட் வந்துவிடும். அவருக்கு உதவியாள், அம்மனுக்கு நேர்ந்துவிட்ட ஓர் ஆடு. ஆடித் திருவிழாவுக்குள் வழக்கை முடித்தால் தன்னை வெட்டாமல் விட வேண்டும் என்று அது ஏட்டிடம் பேரம் பேசிக்கொண்டே வரும். வழக்கு என்னவென்றால், கோயில் மணியின் சத்தத்தை யாரோ திருடிவிட்டார்கள். மணி ஆடுகிறது, நாக்கு இடிக்கிறது, சத்தம் மட்டும் இல்லை.

கடையில் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே புத்தகத்தை அடுக்கி வைத்தேன். ஒரே ஆசைதான் எனக்கு. யாராவது ஒருவர் வந்து, "படிச்சேன்யா, சிரிச்சேன்யா" என்று சொல்ல வேண்டும். வந்தார்கள், சொன்னார்கள். மின்சார வாரியத்து லைன்மேன் ஒருவர், "எங்களைக் கிண்டல் பண்ணிக்கீற, நாங்க என்ன ஊருக்குப் பேய் வுடற வேலையா பாக்கறோம்?" என்று கோபித்துக்கொண்டார். ஆவிக்குப் பென்ஷன் உண்டா, குடும்பத்துக்குப் போகுமா என்று ஒருவர் சட்டச் சந்தேகம் கேட்டார். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையிலிருந்து ஒரு பெண் போன் போட்டு, ஆடு பிழைக்குமா என்பதை மட்டும் சொன்னால் போதும், மீதியைப் படிக்க மாட்டேன் என்றார். இன்னொருவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "காமெடி நாவல்னு அட்டையில போட்டுக்கீற. எங்கெங்க சிரிக்கணும்னு உள்ள போடலையே?" நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தலைவருக்கு ஒரு பிரதி சும்மாவே கொடுத்திருந்தேன். படித்தீர்களா என்று கேட்டால், "வெளியில என்ன பேசிக்கிறாங்க?" என்பார்.

ஒரு நாள் லென்ஸ் வாங்கக் காஞ்சிபுரம் போகிற பஸ்ஸில் ஏறினேன். எனக்கு இரண்டு சீட்டுக்கு முன்னால் ஜன்னலோரத்தில் தலைவர். மடித்த தினத்தாளுக்குள் எதையோ வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் முதுகே குலுங்கியது. விசில் மாதிரி ஒரு மூச்சு வந்தது. எட்டிப் பார்த்தேன். தாளுக்குள் என் நாவல்! ஆடு ஏட்டிடம் எழுத்து மூலமாக உறுதி கேட்கிற பக்கம். மாகறல் நிறுத்தத்தில் பஸ் நின்று ஆட்கள் ஏறியதும் சட்டென்று புத்தகத்தை மூடினார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாராவது பார்த்தார்களா என்று இடமும் வலமும் பார்த்தார், பின்னால் மட்டும் திரும்பவில்லை. நான் காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் என்ன வாங்கினேன் என்பதே நினைவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷம் எத்தனை நாளைக்கு? உத்திரமேரூருக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கிற என் சொந்த ஊரில், அம்மன் கோயிலில் புதிதாக ஒரு மெஷின் வாங்கி வைத்தார்கள். சுவிட்சைப் போட்டால் மேளம், தாளம், மணி மூன்றும் தானே அடிக்கும் மெஷின். அது வந்ததும் பழைய மணியை யாரும் தொடுவதில்லை. யாரோ என் கதையைக் கோயில் தருமகர்த்தாவின் காதில் போட்டுவிட்டார்கள். மணிச் சத்தத்தைத் திருடியது கோயில் ஆட்கள்தான் என்று நான் எழுதியிருக்கிறேனாம்.

தருமகர்த்தா கடைக்கே வந்தார். வயதில் பெரியவர், நல்ல விவசாயி, கண்ணாடிகூட என்னிடம் போட்டவர்.

"மெஷினு வர்றதுக்கு முன்னாடியே எழுதின கதை நைனா அது" என்றேன்.

"பாத்தியா! முன்னாடியே பிளான் பண்ணி எழுதிக்கீற!"

ஆடித் திருவிழாவுக்கு எங்கள் வீட்டு வரியை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். வரி வாங்காத வீட்டு வாசலில் அம்மன் ஊர்வலம் நிற்காது. அக்கம்பக்கத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருப்பார்கள், நம் வாசலை மட்டும் தாண்டிக்கொண்டு போகும். என் மனைவி இரண்டு வேளை சாப்பிடவில்லை.

"உங்க பேய் கரண்டு போனா வருதுன்னு எழுதினீங்க. இப்போ சாமியே நம்ம வூட்டாண்ட வராத மாதிரி பண்ணிட்டீங்க" என்றாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வட்டக் கூட்டம். என் நாவல்தான் அன்றைக்குப் பேச்சு. கல்யாண மண்டபத்தின் மாடியில், சாப்பாட்டுக் கூடத்தில் கூடினோம். தருமகர்த்தா ஊர் ஆட்களோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். சண்டைக்கு வரவில்லை. மரியாதையாகவே எழுந்து பேசினார்.

"நாங்க ஏர் ஓட்டறவங்க. கதையெல்லாம் படிச்சுப் பழக்கமில்ல. நீங்கல்லாம் படிச்சவங்க. இந்தப் பொஸ்தகம் எங்களைக் கேவலப்படுத்துதா, இல்ல சும்மா தமாஷா? தமாஷுன்னு நீங்க ஒருத்தர் சொன்னாப் போதும். நாங்க எய்ந்து போயிடறோம்."

இதைவிட நேர்மையாக யாரும் கேட்க முடியாது. ஒரு வார்த்தை போதும். அந்தக் கூடத்தில் புத்தகத்தை முழுசாகப் படித்தவர் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவர் ஒருவர்தான். நான் தலைவரைப் பார்த்தேன். அவர் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். யார் முகத்திலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம ஊருக்குன்னு ஒரு முறை கீது" என்றார்.

நீலக் குடம் வந்தது. படித்தவர், படிக்காதவர், அட்டையை மட்டும் பார்த்தவர், வடைக்காக வந்தவர் எல்லோரும் எழுதிப் போட்டார்கள். டீக்காரம்மா, "எதையோ ஒண்ணு எடுக்கறேன், என்னை ஒண்ணியும் சொல்லக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுத்தார். நான் போட்டுக்கொடுத்த கறுப்புக் கண்ணாடி வழியாகத் தலைவர் உரக்கப் படித்தார்.

"தமாஷாக இல்லை. கோயில் விஷயத்தில் யோசித்து எழுத வேண்டும்."

யார் எழுதியதோ தெரியாது. யாராக இருந்தால் என்ன? வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மன் முன்னால் நின்று, எழுதியது தப்பு என்று நான் சொல்ல வேண்டும், பிறகு வரி வாங்குவோம் என்று முடிவாயிற்று. தீர்ப்பு சொன்ன குடத்தின் தலைவரும் சாட்சிக்கு வர வேண்டும் என்றார் தருமகர்த்தா. மாடிப்படியில் நான் தலைவரை நிறுத்தினேன்.

"பஸ்ல வுழுந்து வுழுந்து சிரிச்சீங்களே சார்!"

அவர் முகம் வெளிறிப்போனது. படிக்கு மேலேயும் கீழேயும் பார்த்தார்.

"வேற எதுனா நினைச்சு சிரிச்சிருப்பேன்பா. குடம் சொல்லிடுச்சே, நான் இன்னா பண்றது?" என்று இறங்கிப் போய்விட்டார்.

திட்டினவர்களை நான் மறந்துவிட்டேன். லைன்மேனும் தருமகர்த்தாவும் தங்களுக்குப் பட்டதை என் முகத்துக்கு நேரே சொன்னார்கள், அது மனுஷத்தனம். ரசித்துவிட்டு ரசிக்கவில்லை என்று நிற்கிற இந்த வகை ஆளைத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. தின்ற வாயைத் துடைத்துக்கொண்டு, சமைத்தவளை ஊரார் உதைக்கும்போது வேடிக்கை பார்க்கிறவன் அவன்.

வெள்ளிக்கிழமை வந்தது. கோயிலுக்கு முன்னால் தகர ஷெட், அது நிறையச் சனம். மெஷின் காது கிழிய அடித்துக்கொண்டிருந்தது. சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. தலைவர் ஒரு தூணோரமாக, சாட்சி என்று யாரும் நினைத்துவிடாத தூரத்தில் நின்றார். என் மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலை குனிந்திருந்தாள். தருமகர்த்தா கையைக் காட்டினார். நான் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தேன்.

கரண்ட் போய்விட்டது.

மேளம் ஓர் அடியைப் பாதியில் விட்டு நின்றது. கருவறைக்குள் எண்ணெய் விளக்கு மட்டும். ஷெட்டுக்குள் பக்கத்தில் நிற்கிறவர் யாரென்றே தெரியாத இருட்டு. அப்போது தூணோரத்திலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏட்டய்யா டூட்டிக்கு வந்துட்டாருடா!"

அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல், விசில் மாதிரி மூச்சு இழுத்து இழுத்து வந்த சிரிப்பு. பஸ்ஸில் கேட்ட அதே சிரிப்பு, இப்போது முழுச் சத்தத்தோடு. இடப்பக்கத்து முகமும் தெரியாமல், வலப்பக்கத்து முகமும் தெரியாமல், அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் நேரத்துக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு பெண்கள் சிரித்தார்கள். ஏன் என்று தெரியாமலே நாலு பேர் சிரித்தார்கள்.

"யாரு ஏட்டய்யா?" என்று தருமகர்த்தாவின் குரல் கேட்டது.

இருட்டில் என் மனைவிதான் பதில் சொன்னாள். "கதையில வர்ற பேய் மாமா. கரண்டு போனாத்தான் அது வேலைக்கு வரும்."

பிறகு தருமகர்த்தா, "அப்போ நம்ம ஊருக்கு அது டெய்லி வந்துகினு இருக்குமே!" என்றார். ஷெட்டே சிரித்தது. அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் என்பது குரலிலேயே தெரிந்தது.

கரண்ட் வந்தது. மெஷின் விட்ட இடத்திலிருந்து இடிக்கத் தொடங்கியது. எல்லோரும் தூண் பக்கம் திரும்பினார்கள். தலைவரின் வாய் இன்னும் திறந்திருந்தது, கன்னத்தில் கண்ணீர். அத்தனை முகங்களும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். டக்கென்று வாய் மூடியது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"சாம்பிராணிப் புகை" என்றார். "நமக்கு ஒத்துக்காது."

நான் மன்னிப்புக் கேட்டேனா, இல்லையா? உதட்டை அசைத்தேன். மெஷின் அடித்த அடியில் எனக்கே கேட்கவில்லை. தருமகர்த்தா இன்னும் சிரிப்பு அடங்காமல், "சரி சரி, சாமியைக் கும்புட்டு வூட்டுக்குப் போ" என்று கையை ஆட்டினார். வரி வாங்கிக்கொண்டார்கள். அந்த ஆடியில் அம்மன் எங்கள் வாசலில் நின்றாள். என் மனைவி அழுதுகொண்டே தேங்காய் உடைத்தாள்.

திருவிழா முடிந்து கொஞ்ச நாளில், வெளியூரில் இருக்கிற மகன் வீட்டோடு போய்விடுவதற்கு முன்னால், கண்ணைப் பரிசோதிக்கத் தலைவர் கடைக்கு வந்தார். வாங்க என்றுகூட நான் சொல்லவில்லை. இருட்டறையில் உட்கார வைத்து லென்ஸைப் போட்டேன். இதா, அதா என்றேன். அவர் வழக்கம் போல என் முகத்தைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. எழுத்துப் பலகையின் விளக்கையும் அணைத்தேன். அறைக்குள் கும்மிருட்டு.

"இப்போ சொல்லுங்க தலைவரே. நாவல் எப்படி?"

நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அந்த விசில் மூச்சு மெதுவாக ஆரம்பித்தது.

"அந்த ஆடு எழுதிக் குடுன்னு கேக்குது பாரு..." சிரிப்பில் பேச்சு நின்று, மறுபடி வந்தது. "ரெண்டாவது பாகத்துல அதை வெட்டிடாதப்பா. நான் நாலு தடவை படிச்சிட்டேன். எங்க வூட்ல கூட சொல்லல."

என் கை சுவிட்சைத் தேடியது.

"போடாத!" என்றார் அவர், இருட்டுக்குள்ளிருந்து, பதறிப்போய். "லைட்டு போட்டா, நான் ஒண்ணும் சொல்லல."